லீவ் லெட்டரில் காய்ச்சல் என்று எழுதவில்லை

மூன்று வருடத்துக்கு முன்னால், மாசி மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை ராத்திரி, மகளுடைய பள்ளி டைரியை எடுத்து வைத்துக்கொண்டு லீவ் லெட்டர் எழுத உட்கார்ந்தேன். அப்போது அவள் ஆறாம் வகுப்பு. மதுரையில் ஒரு மெட்ரிக் பள்ளி. எழுதியது இவ்வளவுதான்: "எங்கள் ஊர்க் கண்மாயில் நாளை மீன்பிடித் திருவிழா. மகளை அழைத்துப் போகிறேன். ஒரு நாள் விடுப்பு தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." கையெழுத்துப் போட்டு, அதே வேனில் போகும் எதிர்வீட்டுப் பையனிடம் டைரியைக் கொடுத்துவிட்டு வந்து படுத்தேன்.

மூன்று வரி எழுத அரை மணி நேரம் ஆனது. காய்ச்சல் என்று எழுதியிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். நம் ஊரில் லீவ் லெட்டர் என்றாலே காய்ச்சல்தான். எங்கள் காலத்தில் அது பாடமாகவே இருந்தது. "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, அதைப் பார்த்துப் பத்து தடவை எழுதச் சொன்னார்கள். இங்கிலீஷில் நான் பிழையில்லாமல் எழுதிய முதல் வாக்கியம் ஒரு பொய். அத்தை கல்யாணம், ஊர்த் திருவிழா, அப்பத்தா செத்துப்போனது என்று எதற்கு லீவு எடுத்தாலும் கடிதத்தில் எனக்குக் காய்ச்சல் அடித்தது. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். ஒரு பிள்ளை ஊருக்குப் போவது காய்ச்சலைவிடக் கேவலமான காரணம் என்று அந்த வயதிலேயே எனக்குள் பதிந்துபோனது. என் மகளுக்கு அது பதியக் கூடாது என்று நினைத்தேன். அரை மணி நேரம் ஆனது அதனால்தான்.

எங்கள் ஊர் மேலூர் தாண்டி, கொட்டாம்பட்டிப் பக்கம். மேலூர்ப் பகுதி என்றதும் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் பூமி என்று பலரும் நினைப்பார்கள். பெரியாறு பிரதானக் கால்வாயில் 85,563 ஏக்கர் ஒருபோகப் பாசனம் என்று ஒவ்வொரு வருடமும் தண்ணீர் திறக்கும்போது செய்தி வரும். எங்கள் கண்மாய் அந்தக் கணக்குக்கு வெளியே இருப்பது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய மானாவாரிக் கண்மாய். பெருகினால் ஒரு வெள்ளாமை. அறுப்பு முடிந்து, வெயில் ஏறி, தண்ணீர் முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில் வற்றி நிற்கும்போது ஊர் கூடி மீனைப் பிடிக்கும். "கம்மாய் அழியுது" என்பார்கள் எங்கள் ஊரில். அழிவது என்றால் எல்லோருக்கும் பொதுவாக இறங்கிப் பிடிப்பது. குத்தகை கிடையாது, காசு கிடையாது. பிடித்த மீனை விற்கவும் கூடாது. குழம்பாக்கலாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம், சொந்தக்காரர்களுக்குக் கொண்டுபோகலாம். விற்றால் அடுத்த வருடம் கண்மாய் பெருகாது என்பது நம்பிக்கை.

"சனி ஞாயிறு வைக்கக் கூடாதா?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். (நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள்.) சில ஊர்களில் அப்படி வைக்கவும் செய்கிறார்கள். எங்கள் ஊரில் நாளை முடிவு செய்வது தண்ணீர். ஆழம் இருக்கும்போது இறங்கினால் மீன் அகப்படாது. நான்கு நாள் தள்ளிவிட்டால் வெயிலில் தண்ணீர் சுட்டு, மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்க ஆரம்பிக்கும். பிறகு ஊருக்குள் இருக்க முடியாது, அப்படி நாறும். தினமும் ஒருவர் இறங்கி ஆழம் பார்த்துவிட்டு வருவார். அவர் சொன்ன பிறகு ஊர்ப் பெரியவரான அம்பலகாரர் நாள் குறிப்பார். முன்பு தமுக்கடித்துச் சாட்டினார்கள், இப்போது வாட்ஸப் குழுவில் குரல் பதிவு. வார நாளில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை என்று வெளியே தெரிந்தால் பத்து மாவட்டத்து வண்டிகளும் கரையில் நிற்கும். அந்த நெரிசலில் சின்னப் பிள்ளைகளை இறக்க முடியாது.

ஆக, அந்த வருடம் வியாழக்கிழமை என்று வந்தது. அன்றைக்கு அவளுக்குக் கணக்குப் பரீட்சை இருந்தது. முழு ஆண்டுத் தேர்வு இல்லை, மாதத் தேர்வு. எனக்குத் தெரிந்தேதான் கூட்டிப்போனேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாலரைக்கு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, மேலூரில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து ஊர் போய்ச் சேரும்போது லேசாக விடிந்திருந்தது. கரை முழுக்க ஆட்கள். தோளில் ஊத்தா, கையில் கச்சா, வலை, பரி, கூடை. ஒன்றும் இல்லாதவர்கள் பழைய சேலையோடும் கொசுவலையோடும் வந்திருந்தார்கள். மடைக்கருப்பு கோயிலில் சாமி கும்பிட்டு, அம்பலகாரர் கரைமேல் ஏறி வெள்ளைத் துண்டை வீசினார். அந்தத் துண்டு கீழே இறங்குவதற்குள் அத்தனை பேரும் தண்ணீருக்குள் இருந்தோம்.

அப்பா அவளுக்கு என்று தன் ஊத்தாவைக் கட்டிச் சரிசெய்து வைத்திருந்தார். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மூங்கில் சிம்புகளை வட்டமாகக் கட்டி, கீழே அகலமாகவும் மேலே ஒரு கை நுழையும் அளவுக்குக் குறுகலாகவும் செய்த கூடை. அடிப்பக்கமும் திறந்திருக்கும். ஓர் அடி எடுத்து வைப்பது, ஊத்தாவைச் சேற்றில் குத்துவது, மேல் வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவுவது. ஒன்றும் இல்லை என்றால் பிடுங்கி அடுத்த அடியில் குத்துவது. இருபது, முப்பது தடவை ஒன்றுமே இருக்காது. முன்னூறு, நானூறு பேர் இறங்கி மிதித்ததில் தண்ணீர் சேறாகக் கலங்கி, மூச்சுக்குத் தவித்து மீன் மேலே வர ஆரம்பிக்கும். அதற்குள் சின்னப் பிள்ளைகள் சலித்துக் கரையேறிவிடுவார்கள். இவள் ஏறவில்லை.

அப்பா அவளுக்குப் பக்கத்திலேயே நடந்தார். ஒரு தடவை ஊத்தாவைக் குத்தியதும் உள்ளே அடிப்பது அதன் சிம்பில் அதிர்ந்து, அவள் கையை வெடுக்கென்று எடுத்துவிட்டாள்.

"தாத்தா, என்னமோ இடிக்குது!"

"இடிக்கட்டும். நீ எடுக்காத. கைய மெதுவா உள்ள விடு. மீச மாதிரி படுதா?"

"இல்ல."

"அப்ப கெளுத்தி இல்ல, பயப்படாத. கெளுத்தின்னா முள்ளு ஏத்திரும். வாலைப் பிடிக்காத, வழுக்கிட்டுப் போயிரும். தலை எந்தப் பக்கம் இருக்குன்னு பாரு. செவுளுக்குப் பின்னாடி வச்சு, அப்படியே தரையோட அமுக்கு."

கழுத்து வரை குனிந்து, ஒரு கன்னம் சேற்றுத் தண்ணீரில் பட, கண்ணை மூடிக்கொண்டாள். விரல் நுனியில் மட்டுமே இருந்தாள். என் மகளை அப்படி ஒரு கவனத்தோடு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு நிமிடம் இருக்கும். பிறகு கை மேலே வந்தது. முக்கால் முழ நீளத்துக்கு ஒரு விரால். பிடிக்கத் தெரியாமல் இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு நின்றாள். அது வாலால் அவள் தாடையில் அடித்தது. அப்பா சிரிக்கவில்லை, பாராட்டவுமில்லை. பையின் வாயை விரித்துப் பிடித்தார். "போடு. ஊத்தாவை எடு. அடுத்து குத்து." அவளை ஓர் ஆளாக மதித்தார். அதைப் பார்த்ததும் எனக்குத்தான் கண் கலங்கியது.

அப்போதுதான் போன் வந்தது. அவளுடைய வகுப்பு ஆசிரியை. கரையேறி, கையைத் துடைத்துக்கொண்டு பேசினேன்.

"மேடம், மீன் பிடிக்கப் போறோம்னு எழுதியிருக்கீங்க. இதை நான் எப்படி ஆபீஸ்ல வைக்கிறது? ஃபீவர்னு ஒரு வரி வாட்ஸப்ல போட்டுருங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்."

நல்ல மனதோடுதான் சொன்னார். அவரும் இரண்டு பிள்ளைகளைப் பெற்றவர். ஆனாலும் என்னால் முடியாது என்று சொன்னேன். "பாப்பாவே நாளைக்கு வந்து மீன் பிடிக்கப் போனேன்னு சொல்லுவா மிஸ். அப்ப அவ பொய் சொல்றாளா, நான் பொய் சொல்றேனான்னு ஆயிரும்." அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி மேடம், ஆனா டெஸ்ட்டுக்கு மார்க் வராது" என்றார். சரி என்றேன். மார்க் வரவில்லை. மருத்துவச் சான்று இருந்தால் மறுதேர்வு வைக்கலாம், இல்லாவிட்டால் பூஜ்யம் என்பது அங்கே விதி. மறுநாள் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, மற்ற பெற்றோருக்குத் தவறான முன்னுதாரணம் ஆகிவிடும் என்றார்கள். எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் அது. ஒரு பள்ளிக்கூடம் பொய்க்கு மறுதேர்வு வைக்கிறது, உண்மைக்குப் பூஜ்யம் போடுகிறது. இதை எந்தப் பிள்ளையிடம் எப்படி விளக்குவது?

கண்மாய்க்குத் திரும்புகிறேன். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் அப்பா அவளை மடைக்குக் கூட்டிப்போனார். நட்ட கல் தூண்கள் இரண்டு, குறுக்கே பலகைக் கற்கள். தண்ணீர் நிறைந்திருக்கும் மாதங்களில் தூண்களின் தலை மட்டும் வெளியே தெரியும், அதில் நீர்க்காகம் உட்கார்ந்திருக்கும். அடிவரை பார்க்க முடிவது இந்த ஒரு வாரம்தான். அப்பா அதை மடைக்கல்லு என்பார். குமிழித் தூம்பு என்று அதற்குப் பெயர் இருப்பதைப் பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டேன். மேலே ஒரு துளை, அதைக் கல்லால் அடைத்திருப்பார்கள். ஆள் முங்கிப் போய் அந்தக் கல்லைத் தூக்கினால் தண்ணீர் குழிக்குள் இறங்கி, கரைக்கு அடியில் ஓடும் சுருங்கை வழியாக வயலுக்குப் போகும். கீழே தரையை ஒட்டிச் சின்னத் துளைகள் இருக்கும், அவை வண்டல் வெளியேற. மேலே இருப்பது நீரோடி, கீழே இருப்பது சேறோடி. இவள் படுத்துக்கொண்டு சேறோடித் துளைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். "இது வழியா சேறு தானா போயிருமா? அப்ப ஏன் கண்மாய் மேடாயிருச்சு?" அப்பா சொன்ன பதில் நீளமானது. பராமரிப்பு, கரம்பை என்கிற வண்டல் மண்ணை அள்ளி வயலுக்கு அடித்த காலம், அது நின்றுபோனது, இப்போது மண்ணுக்காக ஆங்காங்கே தோண்டிப்போடும் பள்ளம். அந்தப் பள்ளங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று கையைக் காட்டி வரிசையாகச் சொன்னார். அந்தப் பக்கம் போகக் கூடாது என்று அவளிடம் மூன்று முறை சத்தியம் வாங்கினார். பிள்ளைகள் கண்மாயில் மூழ்கிச் சாகும் செய்தியை ஒவ்வொரு கோடையிலும் படிக்கிறோம். மேலிருந்து பார்த்தால் தண்ணீர் ஒரே மட்டமாகத்தான் தெரியும், அடியில் இரண்டு ஆள் ஆழத்துக்குத் தோண்டியிருப்பது தெரியாது. இதைப் பிள்ளைக்குக் கண்மாய் வற்றியிருக்கும்போது அதன் தரையில் நிறுத்திச் சொல்லிக்கொடுப்பதுபோல வேறு எந்த வழியிலும் சொல்ல முடியாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கூடையில் பாதிக்கு மேல் ஜிலேபி. கட்லா, ரோகு கொஞ்சம். கெண்டை, குரவை, கைப்பிடி அயிரை. ஜிலேபி இந்தியாவுக்குள் வந்தது 1952இல். ஆப்பிரிக்கா மீன். எங்கே விட்டாலும் பெருகி, உள்ளூர் மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். என் அப்பத்தா சாகும் வரை அதைக் குழம்பில் போடவில்லை. "நம்மூர் மீனு இல்ல" என்று ஒதுக்கிவைப்பார். மகள் வகை பிரித்து எண்ணி, என் போனில் குறித்துக்கொண்டாள். எங்கள் ஊர்க் கண்மாயில் எந்த மீன் எவ்வளவு என்று யாராவது எழுதிவைத்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

இதெல்லாம் என் பக்கம். இனி என் அம்மா பக்கம். அது இல்லாமல் இதை எழுதினால் நேர்மையாகாது.

ஈரச் சுடிதாரோடு வீட்டுக்குள் நுழைந்த பேத்தியைப் பார்த்து அம்மா மலர்ந்தது ஒரு நொடிதான். என்னைப் பார்த்து, "இன்னைக்கு என்ன கிழம? பரீச்ச நேரத்துல புள்ளைய எதுக்குடி கூட்டியாந்த?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார். மத்தியானம் வரை என்னோடு பேசவில்லை. விராலை வாங்கி, சாம்பலைப் போட்டு வழவழப்புப் போகக் கல்லில் தேய்த்துக்கொண்டே இருந்தார். தேவைக்கு மேல் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"என்னைய யாரும் பள்ளிக்கூடத்தவிட்டு நிப்பாட்டல. நானா நின்னுட்டேன். நடவுக்கு ரெண்டு நாளு போனேன். ஒன் மாமன் பொறந்தப்ப பத்து நாளு புள்ளையப் பாத்துக்கிட்டேன். திரும்பிப் போனா அவுகளெல்லாம் வேற பாடத்துல இருக்காக. எனக்கு ஒண்ணும் விளங்கல. வாத்தியாரு ஒண்ணும் கேக்கல. வெக்கமா இருந்துச்சு. மறாநாளு போகல. அம்புட்டுத்தான்."

நாலாம் வகுப்பு. இன்றைக்கும் அம்மா பஸ் போர்டை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார். நான் எட்டாவது படிக்கும்போது மஞ்சள் காமாலை வந்து பதினைந்து நாள் கிடந்தேன். தினமும் சாயங்காலம் இரண்டு கிலோமீட்டர் நடந்து போய், கூடப் படித்தவளிடம் நோட்டு வாங்கி வந்து என் தலைமாட்டில் வைத்தவர் அவர். அவரிடம் போய் "ஒரு நாள்தானே" என்று நான் எப்படிச் சொல்வது?

அம்மாவின் பயத்துக்குப் பின்னால் தமிழ்நாட்டின் ஒரு பெரிய சண்டையே இருக்கிறது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாளுக்கு மூன்று மணி நேரம் மட்டும். மீதி நேரம் அப்பன் தொழிலைக் கூட இருந்து கற்றுக்கொள்ளலாம் என்றார்கள். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டி நாடே எதிர்த்தது. 1954இல் காமராஜர் முதலமைச்சராகி அதைக் கைவிட்டார். பிறகு மதிய உணவு வந்தது, ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் வந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டத்தை நம் மதுரையில்தான் தொடங்கி வைத்தார்கள். எழுபது வருடமாக இந்த மாநிலம் பிள்ளையை எப்படியாவது வகுப்பில் உட்காரவைக்கப் பாடுபட்டிருக்கிறது. சாத்தூர், சிவகாசிப் பக்கம் விடிகாலையில் தீப்பெட்டி ஆபீஸ் வண்டிகள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன காலம் ஒன்றும் வெகுதூரத்தில் இல்லை. இத்தனைக்கும் பிறகு ஒருத்தி வந்து, பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் மட்டம் போட்டுத் தாத்தாவிடம் மீன் பிடிக்கக் கற்றுக்கொள்வதும் கல்விதான் என்று சொன்னால், கேட்கிறவர்களுக்குக் கோபம் வருவது நியாயம். எனக்கே வரும்.

அதனால்தான் நான் அப்படிச் சொல்லவில்லை. கண்மாய் பள்ளிக்கூடத்துக்கு ஈடாகாது. என் மகள் மீன் பிடித்துப் பிழைக்க வேண்டியதில்லை, அன்றைக்கு அவள் பிடித்த மீனால் எங்கள் வீட்டு அடுப்பு எரியவில்லை. மறுநாள் காலை ஏழேகாலுக்கு அவள் வேனில் ஏறினாள். விட்டுப்போன கணக்கை அவளோடு உட்கார்ந்து போட்டுக்காட்ட வீட்டில் நான் இருந்தேன். அம்மாவுக்கு இந்த மூன்றுமே இல்லை. இன்றைக்கும் இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அறுப்புக்குப் பிறகு எங்கள் பக்கத்து வயல்களில் கிடை போட ராமநாதபுரத்திலிருந்து ஆடுகளோடு வரும் குடும்பங்கள், செங்கல் காளவாசலில் கல் அறுக்க வந்து ஆறு மாதம் கொட்டகை போட்டுத் தங்கும் குடும்பங்கள். அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் தேடிக்கொண்டு போக வேண்டும். போன் போட்டுத் தொந்தரவு செய்வதானால் அவர்களுக்காகச் செய்யட்டும். ஒரு நாள் ஊருக்குப் போன என் பிள்ளையும் மாதக்கணக்கில் காணாமல் போன அந்தப் பிள்ளையும் பதிவேட்டில் ஒரே மாதிரி விழுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் தம்பி அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில் பிட்ஸ்பர்க் பக்கம் இருக்கிறான். இதை அவனிடம் புலம்பியபோது அவன் சொன்னதைக் கேட்டு ஆச்சரியப்பட்டேன். நவம்பர் கடைசியில் அங்கே நன்றி நவிலல் நாள் வரும். அதற்கு அடுத்த திங்கட்கிழமை மான் வேட்டைப் பருவம் தொடங்கும் நாள் என்று பல பள்ளிகளுக்குக் காலம் காலமாக விடுமுறை. 2019இல் வேட்டை தொடங்கும் நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள், ஆனாலும் பல பள்ளிகளில் திங்கட்கிழமை விடுமுறை அப்படியே இருக்கிறது. அவனுடன் வேலை பார்க்கிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போகிறார்கள். தூரத்திலிருந்து தெரியும்படி ஆரஞ்சு நிறச் சட்டை போட வேண்டும். பன்னிரண்டு வயது ஆகி, பயிற்சி வகுப்பு முடித்தால்தான் சொந்த உரிமம். துப்பாக்கியோடு பிள்ளையா என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது, மறைக்கவில்லை. ஆனால் அந்த ஊர்ப் பிள்ளை அதற்காகக் காய்ச்சல் என்று எழுத வேண்டியதில்லை. குடும்பத்தோடு போகும் நாள் என்று பள்ளிக்கூடமே ஒத்துக்கொள்கிறது.

நமக்கும் இது புதிதில்லை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்குக் கலெக்டர் உள்ளூர் விடுமுறை விடுகிறார், பெரும்பாலும் அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளி வைக்கிறார்கள். யாரும் அதைத் தவறான முன்னுதாரணம் என்று சொல்வதில்லை. கண்மாய் அழியும் நாளும் அந்த ஊருக்கு அப்படி ஒரு நாள்தான். அன்றைக்கு எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் கூட இல்லை. மத்தியானச் சோறு மிஞ்சிப்போனது என்று சத்துணவு அக்கா வருத்தப்பட்டார். டீச்சர் பதினோரு மணி வாக்கில் கரைக்கே வந்துவிட்டார். வந்திருந்த பிள்ளைகளையும் வரிசையாகக் கூட்டி வந்து நிறுத்தி, எது எந்த மீன் என்று கேட்டுக்கொண்டிருந்தார். செயலியில் வருகை ஏற்ற வேண்டிய நேரத்தில் அவர் எப்படிச் சமாளித்தாரோ. அந்தப் பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்று ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பதில் சொன்னதை மறக்க முடியாது.

வேட்டை என்ற பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் சிவராத்திரி முடிந்து பாரிவேட்டை என்று ஒன்று இருந்தது. நாயும் கம்புமாக முயலுக்குப் போவார்கள். அப்பா சின்ன வயதில் போனவர். 1972இல் வந்த வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். வனத்துறைக்காரர்கள் இப்போதும் அந்த நாட்களில் ரோந்து வருகிறார்கள். அதற்கு என் மகளைக் கூட்டிப்போக மாட்டேன், அதைப் பற்றி எனக்கு ஏக்கமும் இல்லை. அப்பாவிடம் கேட்டால், "அப்ப காடு நெறைய முசலு. இப்ப எங்க?" என்பார். முன்னோர் செய்ததெல்லாம் பிள்ளைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. எது போய்ச் சேர வேண்டும் என்று பார்த்துத்தான் எடுக்கிறேன். எங்கள் ஊரிலிருந்து திருப்பத்தூர் பக்கம் போனால் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. ஏன் என்று அந்த ஊர்ச் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அதற்கும் அவளை ஒரு நாள் கூட்டிப்போக வேண்டும் என்று வைத்திருக்கிறேன். அது சனிக்கிழமை போகக்கூடியது.

அவளுக்கு என்ன நட்டம் என்பதையும் சொல்ல வேண்டும். கணக்கில் ஒரு பூஜ்யம். அது அவளை அவ்வளவாகப் பாதிக்கவில்லை. ஆண்டு விழாவில் ஒரு நாள்கூட விடாமல் வந்தவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து வருடா வருடம் வாங்கிக்கொண்டிருந்தவள் அந்த வருடம் வாங்கவில்லை. மேடையில் வரிசையாகப் பெயர் கூப்பிட்டபோது என் மடியில் கையை வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். வீட்டுக்கு வந்து அழுதாள். "கம்மாய்க்குப் போனதுக்கா அழுற?" என்று கேட்டேன், தப்பான கேள்வி. "போனதுக்கு அழல. இதுக்கு அழுறேன்" என்றாள். இரண்டையும் அவள் தனித்தனியாக வைத்திருந்தாள். நான் அவசரப்பட்டு ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். அவளைக் கேட்காமல் அந்த நாளை நான் முடிவு செய்தேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. இனிமேல் நாள் தெரிந்ததும் முதலில் அவளிடம் சொல்வேன், டைரியைப் பார்த்து அவள் சொல்லட்டும் என்று முடிவு செய்தேன்.

அடுத்த வருடம் அதைச் செய்து பார்க்க வாய்ப்பே வரவில்லை. ஐப்பசியில் இரண்டு மழை, கார்த்திகையில் ஒன்று. மிஞ்சின தண்ணீர் வழிகிற கலுங்கு வரைக்கும் வேண்டாம், மடைத் தூணின் கால்கூட முழுகவில்லை. தையிலேயே வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. வாட்ஸப்பில் குரல் பதிவு வரவில்லை. அப்பா ஊத்தாவை மாட்டுக் கொட்டகை எறவானத்தில் செருகிவிட்டார். அந்த வருடம் அவள் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. ஆண்டு விழாவில் முதல் பெயராகக் கூப்பிட்டார்கள். சான்றிதழை வாங்கி வந்து பழையவற்றோடு ஃபைலில் வைத்தாள்.

இந்த வருடம் ஐப்பசி பிறந்ததிலிருந்து ராத்திரி தூங்கும் முன் அம்மாச்சிக்குப் போன் போட்டு ஒரே கேள்விதான் கேட்கிறாள், எத்தனை படி முழுகியிருக்கிறது என்று. எங்கள் கண்மாய்க் கரையில் துணி துவைக்கிற படித்துறையில் பதினோரு படி. நேற்று ஏழு. அம்மா சொல்லிவிட்டு, போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"பங்குனிக்குள்ள அழியும்போலத்தான் இருக்கு. அவளுக்குப் பரீச்ச என்னைக்குன்னு இப்பவே கேட்டு வச்சுக்க. அம்பலகாரர்ட்ட ஒங்கப்பாவச் சொல்லச் சொல்றேன்."